முதலில் எங்கே வலித்தது

அந்தக் கடிதத்தை அக்காதான் கண்டெடுத்தாள். கடையில் மைதா டின்னைத் துடைத்து வைக்கும்போது, அதற்கும் சுவருக்கும் நடுவில் நான்காக மடித்துச் செருகியிருந்தது. அக்காவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் மூன்று சிங்கம் போட்ட முத்திரை தெரியும். அது போட்டு வந்த கடிதத்தை அவள் புருஷன் ஒளித்து வைக்கிறார் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்பதும் தெரியும். நான் விடுதி வேலை முடிந்து வரும் வரைக்கும் அதை இடுப்பிலேயே சொருகி வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவும் அம்மாவும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் கூலிகள். அக்காவை அடி அண்ணாமலையில் ஒரு பட்டாளத்துக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் காலேஜ் படித்ததே அந்த மாமா அனுப்பிய பணத்தில்தான். பதினேழு வருஷம் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, வலது முட்டி மடங்காத காலோடு அவர் திரும்பி வந்தார். கிரிவலப் பாதை ஓரமாக ஒரு இட்லிக் கடை போட்டார்கள். அக்கா அடுப்பு, மாமா கல்லா. நான் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். அதனால் ஊரில் எந்த இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும்.

என் இங்கிலீஷ் விடுதி இங்கிலீஷ். சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு, குரங்கு வந்தால் ஜன்னலைச் சாத்துங்கள், இதெல்லாம் தடையில்லாமல் வரும். அந்தக் கடிதத்தில் இருந்தது வேறு இங்கிலீஷ். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நாலாவது வரியில்தான் மூச்சு விட்டது. மூன்று தடவை படித்த பிறகுதான் அக்காவுக்குச் சொல்ல முடிந்தது.

"மாமா கால் ஊனத்துக்குப் பென்ஷன் கேட்டிருக்காரு. தர முடியாதுன்னு எழுதியிருக்காங்க."

"ஏனாம்?"

நான் காரணத்தைப் படித்துச் சொன்னேன். முட்டிக் கோளாறு முதன்முதலில் தொடங்கியது விடுப்பில் சொந்த ஊரில் இருந்தபோது. சொந்த விருப்பத்தில், மதக் காரணத்துக்காக, வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டர் நடந்தபோது. இதை அந்த வீரரே தன் வாயால் மருத்துவ போர்டிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே இது பட்டாளப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். கடைக்குப் பின்னால் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். பென்ஷன் போன வருத்தம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுபரிசீலனைக்கு மனு போட ஆறு மாசம் கெடு என்று கடைசி வரியில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். நாலு மாசம் மைதா டின்னுக்குப் பின்னால் கழிந்துவிட்டிருந்தது.

மாமாவிடம் போய்க் கேட்டேன். "இன்னா மாமா, இத ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

"ஒளிக்கலடா மச்சான். எடுத்து வெச்சேன்."

"டாக்டர்கிட்ட கிரிவலத்துல வந்துச்சுன்னா சொன்னீங்க?"

"ஆமா. எங்க மொதல்ல வந்துச்சுன்னு கேட்டாரு. வாயு லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னாடின்னு சொன்னேன். அவரு வடக்கத்திக்காரரு, வாயு லிங்கம்னா இன்னான்னு கேட்டாரு. எட்டு லிங்கத்தையும் வரிசையா சொல்லி வெளக்கினேன். நல்லா கேட்டுக்கினாரு, பாவம்."

வேலைக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க எதிராளிக்கு வேண்டிய சாட்சியம் முழுவதையும், லிங்கம் லிங்கமாக விளக்கி, இவரே கொடுத்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து விடுதி கம்ப்யூட்டரில் படிக்க ஆரம்பித்தேன். விருந்தினர் குறைவான மத்தியான நேரங்களில் வேறு வேலையே பார்க்கவில்லை. ஒவ்வொரு விதியும் இன்னொரு விதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குள் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சேரும்போது உடம்பில் குறை எதுவும் குறிக்கப்படாத ஒருவன், வெளியே வரும்போது குறையோடு வந்தால், அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்; இல்லை என்று சொல்பவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும். இதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. என் அப்பா மாதிரி ஆளுக்காக ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து யோசித்து எழுதியது போல இருந்தது. நாற்பது வருஷம் குனிந்து மல்லாட்டை பிடுங்கிய அப்பாவின் முதுகுக்கு இப்படி ஒரு வரியை யாரும் எழுதவில்லை.

ஆனால் மாமாவின் விஷயத்தில் காரணம் காட்டிவிட்டார்கள். அதுவும் அவர் வாயாலேயே.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வயசில் எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. மனுவில், போர்டு டாக்டர் தவறாகப் புரிந்துகொண்டார், மொழிக் குழப்பத்தில் கிரிவலம் என்று எழுதிவிட்டார், வீரர் அப்படிச் சொல்லவே இல்லை என்று இரண்டு பக்கம் எழுதினேன். நாலாவது வரியில் மூச்சு விடும் இங்கிலீஷ் எனக்கும் வந்துவிட்டிருந்தது. பிரிண்ட் எடுத்துப் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தமிழ்ல படி," என்றார் மாமா.

படித்தேன். அவர் கல்லாவில் சில்லறையை அடுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் காகிதத்தை வாங்கி, கசக்காமல், மரியாதையாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நான் கையெழுத்து போட மாட்டேன்."

"ஏன்?"

"அந்த டாக்டர் நான் சொன்னததான் எழுதினாரு. ஒரு வார்த்தை கூட மாத்தல. நீ அவரப் பொய்யன்னு எழுதிக்கினு வந்திருக்க."

"மாமா, அவரு யாருன்னே உங்களுக்குத் தெரியாது!"

"பேரு தெரியாது. மேஜர். நாற்காலி கொடுத்து உக்கார வெச்சுப் பேசினாரு."

அக்கா தோசைக்கல்லிலிருந்து திரும்பினாள். "நாற்காலி குடுத்தாராம்! அதுக்குக் காலையே குடுத்துட்டு வந்துட்டாரு. இந்த ஆள வெச்சிகினு நான் இன்னா பண்றது? வாட்ச்மேன் வேலைக்குப் போனா முட்டியப் பாத்துட்டு வேணாங்கறான். பென்ஷன் கேட்டா கிரிவலம் போனேன்ங்கறாரு. யோவ், அரிச்சந்திரன் கோயில் எதுனா கட்டப் போறியா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பக்தர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கெடு முடிய ஒன்றரை மாசம்தான் இருந்தது.

கோபத்தில் அவருடைய பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எங்கேயாவது முன்னாடியே முட்டி என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும் என்று நினைத்தேன். பதினேழு வருஷத்துக் காகிதம். சேரும்போது எடுத்த பரிசோதனையில் இரண்டு கால்களும் சரி, ஓட்டம் சரி. அதற்குப் பிறகு தடுப்பூசிகள். ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கியது. அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒன்றுமே இல்லை. பாலைவனத்தில் இருந்திருக்கிறார், பனியில் இருந்திருக்கிறார், பீரங்கி வெடிக்கும் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒரு காய்ச்சல் கூடக் கிடையாது. அந்த வெற்றுப் பக்கங்களைப் புரட்டப் புரட்ட எனக்குக் கோபம் போய் வேறு என்னவோ வந்தது. விடுதியில் ஒருத்தருக்கு மூக்கு ஒழுகினால் கூட டாக்டரைக் கூப்பிடச் சொல்லி என்னிடம் வந்து நிற்பார்கள். இந்த மனுஷனுக்குப் பத்து வருஷம் உடம்பே இல்லாதது போல இருந்தது காகிதத்தில்.

மறுநாள் நேரடியாகவே கேட்டேன்.

"மாமா, கிரிவலத்துக்கு முன்னாடி அந்தக் காலுக்கு எதுவுமே ஆகலையா?"

"ஒண்ணும் ஆகல." கொஞ்சம் யோசித்தார். "மேல இருந்தப்ப ஒருவாட்டி சறுக்கினேன். அது சும்மா."

"மேலன்னா?"

"பனிமலை மேல. காவல் போஸ்ட்டுல."

"அத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பது போல. "அதுக்கப்புறம் அஞ்சு மாசம் அதே கால்ல நடந்தேனேடா. தூக்கிக்கினு ஏறினேன், எறங்கினேன். நடந்தா அது எப்படிடா காயம்? கிரிவலத்துலதான் மொதல்ல உக்காந்தேன்."

அந்த இடத்தில் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. எப்போது உடம்பு சரியில்லாமல் போச்சு என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், அப்பா வேலைக்குப் போகாத முதல் நாளைத்தான் சொல்வார். அதற்கு முன்னால் இரண்டு மாசமாக இருமிக்கொண்டிருந்தது அவர் கணக்கில் வராது. எங்கள் வீடுகளில் வலிக்குத் தனியாக இடம் கிடையாது. வேலை நிற்கும்போதுதான் நோய் தொடங்கும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்த மேஜர் கேட்டது வலியைப் பற்றி. மாமா பதில் சொன்னது நின்றதைப் பற்றி. இரண்டு பேரும் உண்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். அதற்கு நடுவில் ஒரு மனுஷனின் முட்டி காணாமல் போய்விட்டது.

"சறுக்கினத யாருனா பாத்தாங்களா?"

ஒருவர் பார்த்திருந்தார். மராட்டியப் பக்கத்துக்காரர், மாமாவோடு ஒரே பங்கரில் இருந்தவர். நம்பர் இருந்தது, பேசித்தான் வருஷக்கணக்காகியிருந்தது. "பென்ஷனுக்காகக் கூப்பிட்டான்னு நெனச்சிக்குவானே," என்று தயங்கினார். நானே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, இட்லிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணி. கடையில் ஆளில்லை. அந்தப் பக்கம் எடுத்தவர் மாமாவின் குரலைக் கேட்டதும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித்தான் ஆரம்பித்தார். மாமாவும் பதிலுக்குச் சொன்னார். அவர் இந்தியில் அத்தனை வேகமாகப் பேசி, அத்தனை சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வேறு ஒரு ஆள் வந்து அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. விடுதிக்கு வடக்கத்தி ஆட்கள் வருவதால் எனக்கு இந்தி பாதிக்கு மேல் புரியும். மாமா அதை மறந்துவிட்டார்.

முட்டி என்றதும் அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதைச் சொல்லலையா நீ? யாருகிட்டயும் சொல்லலையா?"

அப்புறம் அவர் பேசிக்கொண்டே போனார். நான் கேட்டுக் கேட்டு அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். மண்ணெண்ணெய் கேனை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஏறியிருக்கிறார்கள். ஐஸில் மாமாவின் கால் திருகிக்கொண்டு போய்விட்டது. கேன் வார் அறுந்து பள்ளத்தில் உருண்டது. பங்கரில் கணப்பு எரிய அந்த மண்ணெண்ணெய்தான். கத்தக் கத்தக் கேட்காமல், திருகின காலோடு உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி, கேனைப் பிடித்து, கயிறு கட்டி மேலே அனுப்பிவிட்டுத்தான் தன்னை இழுக்கச் சொல்லியிருக்கிறார். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்று ஹவில்தார் சொன்னார். மாமா வேண்டாம் என்றுவிட்டார். பத்து நாள் அவரைச் சமையல் பக்கம் உட்கார வைத்துக் கிழங்கு உரிக்கச் சொன்னார்கள். காகிதத்தில் ஒன்றும் ஏறவில்லை. அங்கே இப்படித்தான் நடக்கும், ஹவில்தார் செய்தது உபகாரம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம் என்றார் அவர்.

"ஏன் வேண்டாம்னாரு?" என்று நானே போனில் குனிந்து கேட்டேன்.

"அவன் கீழே போனால் போஸ்ட்டில் ஆள் குறையும். குறைந்தால் என் லீவு ரத்தாகும். என் குழந்தை பிறந்து இருபது நாள். 'நீ போய்ப் பாத்துட்டு வா, எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னான். நான் வருகிற வரைக்கும் என் டியூட்டியையும் அந்தக் காலோடுதான் பார்த்தான்."

மாமா ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

போனை வைத்தோம். ரோட்டில் ஒரு சாமியார் தண்ணீர் கேட்டார், அக்கா கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பியவள் மாமா முன்னால் வந்து நின்றாள்.

"கல்யாணம் ஆகி மூணு வருஷம் புள்ள இல்ல. நான்தான் வேண்டிக்கினேன். செருப்பு போடாம ரெண்டு பேரும் சுத்தி வரோம்னு. லீவுல வந்த மனுஷன நான்தான் இட்டுக்கினு போனேன். நீ உக்காந்தப்ப கூட, தாகம்னு நெனச்சு சோடா வாங்க ஓடினேன்."

"அதுக்கு இன்னா இப்ப?" என்றார் மாமா.

"இன்னாவா? இத்தினி வருஷமா நான்தான் உன் கால ஒடச்சேன்னு நெனச்சிகினு இருக்கேன்யா. தெனம் நீ எழுந்திரிக்கும்போதெல்லாம் நெனப்பேன். அன்னிக்கு இவன் லெட்டர் படிச்சப்ப செத்துட்டேன். சர்க்காரே எழுதிட்டான், உன் பொண்டாட்டிதான்டா காரணம்னு."

மாமாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே கடையில், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் இரண்டு பேரும் அந்த முட்டியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நான் படித்தவன், எதிரிலேயே இருந்தவன். எனக்கும் தெரியவில்லை.

"அப்ப எழுது," என்றார் மாமா என்னிடம். "அவளால இல்லன்னு எழுது."

இந்தத் தடவை யாரையும் பொய்யனாக்கவில்லை. போர்டு டாக்டர் எழுதியது சரி என்றுதான் மனுவைத் தொடங்கினேன். வீரர் கிரிவலப் பாதையில் பிறந்தவர்; பட்டாளத்தில் சேரும் முன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதே தூரத்தை வெறுங்காலோடு, உட்காராமல் நடந்தவர்; அவர் கால்கள் சரி என்று அரசே சான்று கொடுத்துச் சேர்த்துக்கொண்டது; பனிமலையில் விழுந்து ஐந்து மாசம் கழித்து அந்தத் தூரத்தை அவரால் முடிக்க முடியவில்லை. அந்த நடை காலைக் கெடுக்கவில்லை, கெட்டிருந்ததைக் காட்டியது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. வாக்கியங்களெல்லாம் விடுதி இங்கிலீஷ். மாமா தமிழில் கேட்டு, சறுக்கின இடத்தில் "கொஞ்சம் ஜாஸ்தியா எழுதியிருக்க" என்று ஒரு வார்த்தையை அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

மாமாவின் கூட்டாளியிடம் கேட்டிருந்த வாக்குமூலம் மராட்டியத்திலிருந்து தபாலில் வந்தது. இந்தியில், கையால் எழுதி, அவர் ஊர்ப் பஞ்சாயத்து முத்திரையோடு. கிழங்கு உரிக்கச் சொன்ன ஹவில்தாரையும் எங்கேயோ தேடிப் பிடித்து, அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார். அதற்காக அவர் ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போய் வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த வருஷம் மறுபடியும் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். சென்னைக்கு நானும் கூடப் போனேன். என்னை உள்ளே விடவில்லை. திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் மாமா வாயைத் திறந்தார்.

"அதே கேள்விதான் கேட்டாங்க."

"நீங்க?"

"ரெண்டையும் சொன்னேன். மேல விழுந்தது, கீழ உக்காந்தது. கேனைப் பத்தி டாக்டரே கேட்டாரு, லெட்டர்ல படிச்சிருக்காரு. 'அப்பவே ஏன் சொல்லல'ன்னாரு."

"இன்னா சொன்னீங்க?"

"சொல்லலாம்னு தெரியாது சார்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேனாவ மூடிட்டு என்னையே பாத்துக்கினு இருந்தாரு மச்சான். ரொம்ப நேரம்."

பதில் வந்த அன்று நான் கடையில்தான் இருந்தேன். இந்தத் தடவை கவரை மாமாவே என் கையில் கொடுத்தார். பணியால் வந்தது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பணியால் மோசமானது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஊனப் பென்ஷன் உண்டு, ஆயுசு முழுக்க.

"அப்ப அங்க வந்துச்சுன்னு போடலியா?" என்றார் மாமா.

"இல்ல. அங்க ஜாஸ்தியாச்சுன்னு போட்டிருக்காங்க."

"கிரிவலம்?"

"அந்தப் பேச்சே இல்ல. ரெண்டு பக்கத்துலயும் ஒரு எடத்துல கூட இல்ல."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா காகிதத்தை வாங்கி, எழுத்து தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாமா கல்லாவிலிருந்து எழுந்திருக்க, மேசை விளிம்பைப் பிடித்து, இடது காலில் பாரத்தைக் கொடுத்து, வலது காலை நீட்டியபடியே நிமிர்ந்தார். எத்தனையோ வருஷமாக நாங்கள் பார்த்துப் பழகிய எழுந்திருப்பு அது.

"வலிக்குதா?" என்று கேட்டாள் அக்கா.

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. மாமா "இல்லியே" என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அப்புறம் நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வலிக்குது," என்றார். "காலைலேந்தே வலிக்குது."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தாள்.